பக்கத்து அறைக்குப் போன கேள்வி

அத்தியாயம் ஒன்பது

ரகசியத்தைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றுதான் ஜட்ஜம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. போன வாரம் மொட்டை மாடியில் ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று அண்ணி சொன்ன விஷயத்தை, ஐந்து நாளாக அவள் அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தாள்.

ஜட்ஜம்மா என்பது வீட்டில் வைத்த பெயர். ஏழு வயதில், ஒரு பென்சில் பெட்டிக்காக அண்ணனோடு போட்ட சண்டையில் தானே தீர்ப்பும் சொல்லிவிட்டதால் ஒட்டிக்கொண்டது. இப்போது சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். தீர்ப்பு சொல்லாமல் இருப்பது எப்படி என்று அங்கே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணிக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வோடு கடலோர நிலையம் ஒன்றுக்கு இரண்டு வருஷ மாற்றல் வந்திருந்தது. ஆணையில் ஒரு வரி புரியவில்லை என்று ஜட்ஜம்மாவிடம் காட்டப்போய்த்தான் விஷயமே வெளியில் வந்தது. சம்மதக் கையெழுத்தை அண்ணி போட்டுக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது, கட்டிய புருஷனுக்குக்கூட.

"ஞாயித்துக்கிழமை நானே உங்க அண்ணன்கிட்ட சொல்றேன். அப்புறம் அத்தைகிட்ட. அதுவரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது, ஜட்ஜம்மா."

"சத்தியமா விடமாட்டேன் அண்ணி."

விடவும் இல்லை. வியாழக்கிழமை காலையில் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

அம்மா சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா மூன்று நாளாக வெளியூரில், ஏதோ புதுக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் அண்ணியும் தங்கள் மாடி ரூமைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய செய்தி வந்து விழும்போது அம்மா பதறக்கூடாதே, கொஞ்சம் பதப்படுத்தி வைக்கலாமே என்று ஜட்ஜம்மாவுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. வகுப்பில் படித்த உத்தி ஒன்றும் கையில் இருந்தது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டு, ஆளை மெல்ல யோசிக்க வைப்பது.

"ஏம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மாடி ரூம் ரெண்டு வருஷம் காலியா கெடந்தா நீ என்ன பண்ணுவ?"

அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தடவியது.

"பெருக்கித் தொடைப்பேன். வேற என்ன பண்ணுவாங்க? சாப்பிட்டுக் கெளம்பு, பஸ்ஸை விட்டுடப் போற."

அண்ணிக்காகப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியோடு ஜட்ஜம்மா பஸ் ஏறினாள்.

சட்டக் கல்லூரியின் சமரச மையம் என்பது இரண்டு அறைகள்தான். ஒன்றில் வட்ட மேஜை, ஐந்து நாற்காலி. இன்னொன்று பழைய பதிவேடுகளை அடுக்கிவைத்திருந்த அறை. அலமாரிகளை வெளியேற்றியும் காகித வாசனை போகவில்லை. நீதிமன்றத்துக்கு வரும் சின்னச் சின்ன வழக்குகளில், இரண்டு தரப்பும் சம்மதித்தால் இங்கே அனுப்புவார்கள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேச வைக்க வேண்டும். வழக்கு நிஜம், கோபம் நிஜம், கண்ணீரும் நிஜம். பேராசிரியை மட்டும் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். வீடு தீப்பற்றினால் ஒழிய வாயைத் திறக்கமாட்டார்.

ஜட்ஜம்மாவுக்கு ஜோடி, நெட்டை. வகுப்பிலேயே உயரமானவன். எதிரில் இருப்பவர்கள் மிரளக்கூடாது என்று எப்போதும் கூனிக்கொண்டே உட்காருவான்.

இன்றைய வழக்கு ஒரு தையல் மெஷின்.

மேல்வீட்டில் ஒரு தையல்காரம்மா. கீழ்வீட்டில் ஓர் அச்சகக்காரர். அவருக்கு விடியவிடியச் செய்தித்தாள் அச்சடிக்கும் வேலை. காலையில் வந்து படுத்தால் தலைக்கு நேர் மேலே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அந்தம்மா போலீசுக்கு எழுதுவார். அவர் பதிலுக்கு எழுதுவார். அப்படியே வளர்ந்து வழக்காகிவிட்டது.

"நான் என்ன மெஷினை வித்துடவா சொன்னேன்? பின்னாடி ரூமுக்குத் தள்ளிப் போடுங்கன்னுதானே சொல்றேன்?" என்றார் அச்சகக்காரர். கண் இரண்டும் சிவந்திருந்தன. "ராத்திரி பூரா மெஷின் சத்தம், பகல் பூரா மெஷின் சத்தம். நான் மனுஷனா, மெஷினா?"

"தள்ள முடியாது," என்றார் தையல்காரம்மா.

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது."

"பாத்தீங்களா? இதுதான் அந்தம்மா. படியில எதிர்ல வந்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. ஒரே கட்டடத்துல இருக்கோம், ஒரு தலையசைப்பு கிடையாது. அவ்வளவு திமிரு!"

தையல்காரம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தனித்தனி அமர்வு. ஒருவரை ஓர் அறையில் வைத்துவிட்டு மற்றவரோடு தனியாகப் பேச வேண்டும். அதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஓர் அறையில் கேட்டது, சொன்னவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அறைக்குப் போகக் கூடாது.

பழைய பதிவேட்டு அறையில் தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கைப்பையிலிருந்து ஓர் ஊசியையும் நூலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைக் கோத்துக் காட்டும்மா."

ஜட்ஜம்மா கோத்துக் காட்டினாள்.

"எனக்கு இதுக்கு இப்போ பத்து நிமிஷம் ஆகுது. அதுவும் முன் ஜன்னல் வெளிச்சத்துல. லைட்டு போட்டா கண்ணு கூசுது, துணியே தெரிய மாட்டேங்குது. டாக்டர், கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே போகும்னு சொல்லிட்டாரு. இருக்கிற வரைக்கும் தைக்கணும். காலைல ஒன்பதுலருந்து ரெண்டு வரைக்கும்தான் அந்த ஜன்னல்ல எனக்குப் பொழுது." அவர் ஊசியைத் தடவி எடுத்துப் பைக்குள் போட்டார். "இது வெளிய தெரிஞ்சா ஒருத்தராவது என்கிட்ட துணி கொடுப்பாங்களா? முக்கியமா கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி ஆயிடும்."

"தெரியாது அக்கா. நீங்க சரின்னு சொல்லாம ஒரு வார்த்தை போகாது."

விதிப்படி நெட்டை கேட்டான்: "அப்போ அவர்கிட்ட நாங்க எதைச் சொல்லலாம்?"

"மெஷினைத் தள்ள முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஜட்ஜம்மா அதை மட்டும் தாளில் எழுதினாள். மற்றதை எழுதியிருந்த தாளை அவர் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி நடந்தது.

அச்சகக்காரர் காத்திருந்த வட்ட மேஜைக்கு வந்ததும் அவள் மூளை பரபரவென்று வேலை செய்தது. மெஷின் நகராது, சரி. கட்டில் நகரலாமே! ரகசியத்தைச் சொல்லத்தான் கூடாது. வழி கேட்பதில் என்ன தப்பு?

"சார், இப்படி இருந்தா என்ன பண்ணுவீங்க? பகல் வெளிச்சம் நல்லா இருக்கிற நேரம் மட்டும், ஒன்பதுலருந்து ரெண்டு வரைக்கும் மட்டும் மேல மெஷின் ஓடுது. பொழுது சாய்ஞ்சா ஒரு சத்தம் வராது. நீங்க கட்டிலைப் பின் ரூமுக்கு மாத்திக்கிறீங்க. அப்படின்னா?"

அச்சகக்காரர் வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"வெளிச்சம் இருக்கிற நேரமா?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சண்டை வர்றதுக்கு முன்னாடி என் பொண்ணுக்கு ஒரு கவுன் தச்சுக் கொடுத்தாங்க. மேல ரெண்டு பட்டன் நீலம், கீழ ரெண்டு கறுப்பு. குசும்புக்குப் பண்ணியிருக்காங்கன்னு நெனைச்சேன்." அவர் தன் சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டார். "படியில நான் வர்றதே அவங்களுக்குத் தெரியலையா? அந்தம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சா?"

நெட்டையின் பேனா கீழே விழுந்து உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"அதைப் பத்தி நாங்க எதுவும் சொல்ல முடியாது சார்," என்றாள் ஜட்ஜம்மா. சொல்லி முடிக்கும்போதே, அதுவும் ஒரு பதில்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காது மடல் இரண்டும் சுட்டன.

"புரியுது, புரியுது," என்றார் அவர். குரல் தணிந்துவிட்டது. "கட்டில்தானே? மாத்திக்கிறேன். இன்னிக்கே மாத்திக்கிறேன். எழுதிக்கோங்க."

ஐந்து நிமிஷ இடைவேளை கேட்டுக்கொண்டு இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

"முடிஞ்சுது!" என்றான் நெட்டை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றான். "நம்ம பேட்ச்ல முதல் சமரசம். உள்ள போய்க் கையெழுத்து வாங்கிடலாம் வா."

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சு, நெட்டை."

"நாம சொல்லலையே. கேட்டோம். அவரா கண்டுபிடிச்சாரு. அந்தக்காவுக்கு இது தெரியவே வேண்டாம். அவங்களுக்கு ஜன்னல் கெடைச்சுது, அவருக்குத் தூக்கம் கெடைச்சுது. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஜட்ஜம்மாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? முதல் சமரசம் என்றால் சும்மாவா? கதவருகே வந்து நின்ற பேராசிரியையை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க மேஜை, உங்க முடிவு," என்றார். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." அவ்வளவுதான். திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டார். சில சமயம் ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

'அந்தக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். படியில் அச்சகக்காரர் கையை நீட்டித் தாங்கப் பார்ப்பார். அப்போது தெரிந்துகொள்வார், நான் கிழித்துப் போட்ட தாள் வெறும் நாடகம் என்று.' இதை நினைத்ததும் ஜட்ஜம்மா போய்ப் பதிவேட்டு அறைக் கதவைத் தட்டினாள்.

நின்றுகொண்டேதான் சொன்னாள். உட்கார மனசு வரவில்லை.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க விஷயத்தைச் சொல்லலை. ஆனா நான் கேட்ட கேள்வியிலருந்து அவர் புரிஞ்சுக்கிட்டாரு. கட்டிலை மாத்திக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா அவருக்குத் தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டாரு. அதை உங்ககிட்ட சொல்லாம கையெழுத்து கேக்க என்னால முடியலை."

தையல்காரம்மா அவள் முகம் இருக்கும் திசையை உற்றுப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்திலும் அவருக்கு இவள் முகம் சரியாகத் தெரியவில்லை என்பதை ஜட்ஜம்மா அப்போதுதான் கவனித்தாள்.

"சொல்லலை, கேட்ட. ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? ரெண்டும் உன் வாயிலருந்துதானே வந்துச்சு?"

"ஆமாக்கா."

"என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் முழுசா சொன்னதில்லை. உன் மூஞ்சி நல்ல மூஞ்சியா இருக்கும்னு நெனைச்சு சொன்னேன்."

அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வியாழக்கிழமை வருவாரா என்று நெட்டை மெல்லக் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் ஆறு படி. கடைசிப் படியின் விளிம்பு உடைந்திருக்கும். அச்சகக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். தையல்காரம்மா வருவதைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். "கடைசிப் படி உடைஞ்சிருக்கு," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"தெரியும்!" என்று வெடுக்கென்று சொன்னார் தையல்காரம்மா. ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படியில் மெதுவாகத்தான் கால் வைத்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை அச்சகக்காரர் படியிறங்கவில்லை.

நாலரை மணி பஸ்ஸில் ஜட்ஜம்மாவுக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. தான் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தை காட்டிக்கொடுத்தது? வெளிச்சம். 'சத்தம் குறைவான நேரம்' என்று கேட்டிருக்கலாம், 'ஐந்து மணி நேரம்' என்று கேட்டிருக்கலாம். மனசில் வெளிச்சம் இருந்தது, வாயில் வந்துவிட்டது. 'இப்படி இருந்தால் என்ன பண்ணுவீங்க' என்று ஆரம்பித்தால் எதையும் கேட்டுவிடலாம் என்று ஒரு தைரியம்.

இப்படி இருந்தால் என்ன பண்ணுவீங்க.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காலையில் ரொட்டியின்மேல் நின்ற கத்தி அவள் நினைவுக்கு வந்தது. மாடி ரூம் ரெண்டு வருஷம் காலியா கெடந்தா! ஒரு மாசம் என்று கேட்டிருக்கலாம். ஒரு பேச்சுக்குக் கேட்பவள் பத்து நாள் என்றுகூடக் கேட்டிருக்கலாம். ஆணையில் இருந்த இரண்டு வருஷத்தை அப்படியே எடுத்து அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் யாரிடம்? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, மூச்சு விடும் விதத்தை வைத்தே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடும் அம்மாவிடம்!

வீட்டுக்கு இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து கதவருகில் போய் நின்றுகொண்டாள், அதனால் பஸ் சீக்கிரம் போய்விடும் என்பதுபோல.

அம்மா கூடத்தில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டி.வி. ஓடவில்லை. துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது.

"மாற்றல் மருமகளுக்குத்தானே?" என்றாள், தலையைத் தூக்காமலே.

ஜட்ஜம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நான் எதுவும்..."

"நீ ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வருஷம்னு சரியா கேட்ட. போன மாசம் அவ ஆபீஸ்லருந்து பெரிய கவர் ஒண்ணு வந்துச்சு, நான்தான் வாங்கி வெச்சேன். கூட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?" அம்மாவின் குரல் கம்மியது. "எனக்கு மனசே ஆறலைடி. இதே வீட்டுல ஒண்ணா சாப்பிடறோம். நான் என்ன, வேண்டாம்னா சொல்லப்போறேன்? என்கிட்ட சொல்லணும்னு தோணலையே அவளுக்கு."

"ஞாயித்துக்கிழமை சொல்றதா இருந்தாங்கம்மா."

"அது எனக்குத் தெரியாதே." அம்மா டெலிபோனைப் பார்த்தாள். "மத்தியானம் உங்க அண்ணனுக்குப் போன் போட்டேன்."

ஜட்ஜம்மா செருப்போடேயே அம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் சண்டைக்குப் போகலை. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவும் இல்லை. 'ரெண்டு வருஷமும் ரூம் சாவி உங்ககிட்டயே இருக்குமா, என்கிட்ட குடுத்துட்டுப் போவீங்களா'ன்னு மட்டும்தான் கேட்டேன். அவன், 'எங்கேம்மா போறோம்'னான். அப்பத்தான் உறைச்சுது, அவனுக்கே தெரியாதுன்னு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது வருஷத்துல ஒரு லைன்ல கேட்டதை இன்னொரு லைன்ல நான் போட்டதில்லைடி. இன்னிக்குப் பெத்த பிள்ளைகிட்டயே போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துலருந்து சீக்கிரம் கெளம்பி வர்றேன்னு சொல்லி வெச்சுட்டான்."

அம்மாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. காலையில் இவள் செய்ததைத்தான் மத்தியானம் அம்மா செய்திருக்கிறாள். ஒரு கேள்வி மூன்று அறை தாண்டிப் போயிருக்கிறது. போகக் கூடாத அறைக்குத்தான் கடைசியில் போயிருக்கிறது.

மணி ஐந்தேகால். அண்ணியின் பஸ் ஐந்து இருபதுக்கு வரும்.

"எங்கடி போற?"

"அண்ணன் வர்றதுக்கு முன்னாடி அண்ணியைப் பாக்கணும்மா."

தெருமுனை வரைக்கும் ஓடினாள். பஸ் வந்து நின்றது. அண்ணி எப்போதும்போல் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். மழை வராது என்று ஊருக்கே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, குடை எடுத்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அண்ணிதான் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

"என்ன ஜட்ஜம்மா, வரவேற்பெல்லாம் பலமா இருக்கு?"

"அண்ணி, நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டேன். அம்மா புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டாங்க." மூச்சு வாங்கியது. "தப்பு என்னுதுதான். நீங்க என்னை நம்பிச் சொன்னீங்க."

அண்ணியின் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தெருவின் அந்தக் கோடியில் அண்ணனின் பைக் திரும்புவதை இருவருமே பார்த்தார்கள்.

"சொல்லிட்டேன்னு வந்து நின்னிருந்தா உன்னை நல்லா நாலு வார்த்தை திட்டியிருப்பேன்," என்றாள் அண்ணி. "கேட்டுட்டேன்னு வந்து நிக்கறியே. இதுக்கு என்னன்னு திட்டறது?"

அவள் கோபமாக இருக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. தெரியாதது ஜட்ஜம்மாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பைக் வந்து நின்றது. விளையாட்டு வாத்தியாரான அண்ணன் கழுத்தில் விசிலைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். எஞ்சினை அணைக்கவில்லை. தங்கையைப் பார்க்கவும் இல்லை.

"ஏறு. பேசணும்," என்றான் அண்ணியிடம்.

"வீட்டுலயே பேசலாமே."

"வீட்டுல வேண்டாம்."

அண்ணி ஒரு கணம் நின்றாள். பிறகு குடையை ஜட்ஜம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் அவன் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், இன்றைக்குச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பைக் வீட்டுப் பக்கம் வராமல், வந்த வழியே திரும்பிப் போனது.

ஜட்ஜம்மா குடையோடு தனியாக நடந்து வந்தாள். கூடத்தில் துணி மடித்தாகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அம்மா நாலு தட்டு வைத்திருந்தாள். வாசலில் மகள் மட்டும் நிற்பதையும், அவள் கையில் இருந்த குடையையும் பார்த்தாள். அம்மாவின் உதடு ஏதோ கேட்பதற்குத் திறந்தது.

கேட்கவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தட்டுகளை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மேஜையருகிலேயே நின்றாள். ஜட்ஜம்மா போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். நாலு தட்டும் அப்படியே இருந்தன.